சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண்

கள்ளக்குறிச்சியில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் யாரிடம் பேசினாலும் தீனதயாளனைத் திட்டாமல் பேச்சை முடிக்க மாட்டார்கள். பல் ஆஸ்பத்திரி, நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று ஊரில் பாதித் தொட்டிகளுக்கு ஸ்டாண்டும் மூடியும் செய்தவர் அவர்தான். செய்து கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டார். தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, பின்னால் ஒரு சாண் இடம் விட வேண்டும் என்பார். ஸ்டாண்டுக்கு முதுகுப் பலகை அடிக்க மாட்டார். மேல்மூடியின் பின்பக்கம் சீப்பின் பல் மாதிரி வரிசையாகக் கீறல் போட்டு, ஓரத்தில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி ஒன்றைப் பொருத்துவார். சந்து தெரிகிறது, ஒயர் தெரிகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால், "அப்ப ரப்பர் மீனு வாங்கி வுட்டுக்கோ, கெட்டியா மூடிக்கலாம்" என்பார். ஏன் என்று மட்டும் யாருக்கும் விளக்க மாட்டார். சொன்னதைச் செய்தால் போதும் என்பது அவர் குணம்.

நான் அவரைப் பார்க்கப் போனபோது அவரால் யாரையும் திட்ட முடியாது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது. வாயிலிருந்து 'ங்க்கா' என்று ஒரே ஒரு சத்தம்தான் வரும். கோபத்துக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான்.

வீடு தேடிப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கென்று பயிற்சி எடுத்தவள். நர்ஸ் இல்லை, ஆனால் போகிற வீட்டில் எல்லாம் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுத்தது இது: நோயாளியின் உடம்பு உன் பொறுப்பு, அந்த வீட்டில் மற்ற எதுவும் உன் பொறுப்பு இல்லை. பீரோ, சாமி அலமாரி, குடும்பச் சண்டை எதிலும் கை வைக்காதே. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்து வந்தேன்.

தீனதயாளனின் மகன் இளஞ்செழியன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மருமகள் ராதிகா கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வெளியே மனை பிரித்த இடத்தில் புது வீடு. சுற்றிலும் எல்லைக் கல் நட்ட காலி மனைகள். காலையில் இருவரும் கிளம்பினால் சாயங்காலம் வரை வீட்டில் அவரும் நானும்தான். கூடத்தில் அவர் கட்டில். அவருக்கு வலப்பக்கம் மீன்தொட்டி. இடப்பக்கம் வெறும் சுவர். படுத்தே கிடக்கிறவரை இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஆகவே பாதி நாள் சுவரைப் பார்ப்பார், பாதி நாள் மீனைப் பார்ப்பார்.

தொட்டியில் மூன்று கோல்டு மீன்கள். அதில் பெரியது வெள்ளை உடம்பும் சிவப்புக் கொண்டையும் உள்ளது. தன் மீன் கடையை மூடியபோது அவர் விற்காமல் கொண்டுவந்தவை இந்த மூன்றும்தான்.

நான் வேலையில் சேர்ந்த அன்றே ராதிகா சொன்னாள்: "நர்சம்மா, எத்த வேணும்னாலும் எடுத்துக்கோங்க. அந்தத் தொட்டி மூடிய மட்டும் தொறக்காதீங்க. தீனி காலைல நானே போட்டுடறேன்."

"ஏம்மா?"

"பல்லி" என்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்த லைட்டு சூட்டுக்கும் பூச்சிக்கும் உள்ள வந்து குடியிருந்துது. மாமா தீனி போடறதுக்கு மூடியத் தூக்கனாரு. நேரா உச்சந்தலைல வுழுந்துச்சு. உச்சில வுழுந்தா உசுருக்கு ஆவாதுன்னு எங்கம்மா சொல்லும். நான் அழுவறேன், மாமா சிரிக்கறாரு. 'வழுக்கத் தலைல அதுக்கு நிக்க எடமில்ல, வழுக்கினு போச்சு'ன்னு. அந்த வாரமே பாத்ரூம்ல வுழுந்தாரு. உசுரு மட்டும் மிச்சமா வந்துது. இன்னொருக்கா வுழுந்தா?"

அதனால் இளஞ்செழியன் மூடியின் கீறல்களை எல்லாம் அடைத்துவிட்டான். அப்பா கடையிலிருந்து வந்த சாமான்களில் கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசை டியூபும் அதை அழுத்தும் துப்பாக்கியும் இருந்தன. அதாலேயே அடைத்தான். விசிறியைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டைக்கு அட்டை ஒட்டினான். கீழே, கதவு போட்ட பெட்டி மாதிரி இருந்த ஸ்டாண்டின் இரண்டு வட்ட ஓட்டைகளையும் விடவில்லை. நான் தலையாட்டினேன். என் பொறுப்பு இல்லாத விஷயம்.

வெயில் ஏற ஏற, வலப்பக்கம் திருப்பியதும் தீனதயாளன் சத்தம் போட ஆரம்பித்தார். எங்களுக்கு இதற்கு ஒரு வரிசை உண்டு. ஈரமா, வலியா, தாகமா, விரிப்பில் மடிப்பா, கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டதா? எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இடது கை விரலை மட்டும் தொட்டிப் பக்கம் நீட்டுவார். மீன் அழகாக இருக்கிறது என்கிறார் என்று எண்ணி, "ஆமாங்க, நல்லா இருக்குது" என்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று மட்டும் தெரிந்தது. சரியானது எது என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொன்னுரங்கம் வந்தார். துருகம் ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தீனதயாளனின் தொட்டிகளுக்கெல்லாம் கண்ணாடி அறுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"இன்னாடா தீனா, மகாராஜா மாதிரி படுத்துக்கினு மீனு பாக்கறியா? எனக்குந்தான் ஒரு மருமவ இருக்கா, டீ கேட்டா டம்ளர ஒடைக்கறா."

தீனதயாளன் பதிலுக்குச் சத்தம் போட்டார். விரல் நீண்டது. பொன்னுரங்கம் எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். குனிந்து மூடியின் பின்பக்கம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எவன் வேல இது?"

"மகன்தாங்க. பல்லி வரக் கூடாதுன்னு."

"பல்லிக்குப் பயந்துக்கினு மீன அவிக்கறானா?"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

"வேர்த்துக் கொட்டுனா இன்னா பண்ணுவீங்க? காத்துல போயி நிப்பீங்க. வேர்வ காயச் சொல்ல ஒடம்பு சில்லுன்னு ஆவுதில்ல? தண்ணியும் அப்படித்தாம்மா. மேல ஆவி போயிக்கினே இருந்தாத்தான் சூடு கம்மியாவும். இங்க லைட்டு சூடும் உள்ள, ஆவியும் உள்ள. கீழ பொட்டிக்குள்ள காத்து மோட்டாரு ஓடுது, அதும் சூடு, அதும் போவ வழியில்ல. சூட்டுத் தண்ணில காத்து தங்காது. பாருங்க, மூணும் மேல வந்து வாயப் பொளந்துக்கினு நிக்குது."

மீன் வாயைத் திறந்து மூடுவது மீனின் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது நெருங்கிப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் மேலே புகை படிந்தாற்போல மங்கியிருந்தது. மூடியின் அடியில் நீர் முத்து முத்தாகத் தொங்கியது. ரெக்சின் விரிப்பில் வெகுநேரம் கிடந்தவரின் முதுகு அப்படித்தான் இருக்கும். ஈரமும் சூடும் வெளியே போக வழி இல்லாமல் தோல் வெந்து பிய்ந்துவிடும். இது எனக்குத் தெரிந்த சங்கதி. உடம்புக்குப் பதில் தொட்டி, அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் உட்கார்ந்து பழைய கதை சொன்னார். தீனதயாளன் திருநாவலூர்ப் பக்கம் குத்தகை உழுத வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் சென்னை கொளத்தூருக்குப் போய் வண்ண மீன் கடையில் வேலை கற்றுக்கொண்டு வந்தார். துருகம் ரோட்டில் கடை போட்ட முதல் கோடையில், பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று எல்லாத் தொட்டிக்கும் இறுக்கமான மூடி செய்து வைத்தார். கத்திரி வெயிலில் கடை மீன் மொத்தமும் செத்து மிதந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் அந்த ஒரு சாண் பிடிவாதம். தீனதயாளனின் மனைவி செத்தபோது துக்கம் கேட்க வந்தவன் கூட, அவன் வீட்டுத் தொட்டி சுவரை ஒட்டி இருப்பதற்குத் திட்டு வாங்கிக்கொண்டுதான் போனானாம்.

"அப்ப இந்தத் தொட்டி ஏன் சுவரோட ஒட்டி இருக்குது?" என்றேன்.

"மருமவ கேட்டுச்சு. டி.வி. பொட்டி மாதிரி வழவழன்னு வேணும், ஒயரு தெரியக் கூடாதுன்னு. யாருக்கும் மசியாதவன் இந்தப் பொண்ணுக்கு மசிஞ்சான். முதுவுப் பலகையும் அடிச்சான். மூடில கீறலு இருக்குதே, அது போதும்னு சொன்னான்." நண்பரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா? சொன்னியா இல்லியா?"

கட்டிலில் இருந்தவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து, ராதிகா கிளம்பியதும் மூடியின் முன்பக்கத்தைத் தூக்கி, மருந்து அளக்கும் கப்பை இடையில் முட்டுக் கொடுத்து வைத்தேன். அவள் வருவதற்கு முன்னால் மூடிவிடுவேன். நோயாளி தூங்காமல் இருந்தால் ரத்த அழுத்தம் ஏறும், மீன் கீழே இறங்கினால் நோயாளி தூங்குகிறார், அதனால் இது என் பொறுப்புக்குள் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீன்கள் அடியில் இறங்கிக் கல்லைக் கொத்தின. அவரும் மத்தியானத்தில் தூங்கினார்.

நல்லபடியாகத்தான் போனது. ஒரு சாயங்காலம் நான் மூடுவதற்குள் ராதிகா வந்து தொட்டி லைட்டைப் போட்டாள். மூடியின் உள்பக்கம், லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முட்டுக் கொடுத்த சந்து வழியாக வந்ததுதான்.

அவள் கத்திய கத்தலில் பல்லியே ஓடிவிட்டது.

"யாரு தொறந்தது?"

"நான்தாம்மா. மீனுக்குக் காத்து..."

"உங்கள நான் ஒன்னே ஒன்னுதான கேட்டேன்! உங்களுக்கு வேற வூடு கெடைக்கும் நர்சம்மா. எனக்கு வேற மாமா கெடைக்க மாட்டாரு."

அவள் பொய்யாகப் பேசுகிறவள் இல்லை. வேலையிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் அவருக்குச் சாதம் மசித்து ஊட்டுவாள். நகம் வெட்டுவாள். சொந்த மகள்களே மூக்கைப் பொத்துகிற வேலையை முகம் சுளிக்காமல் செய்வாள். இப்படிப்பட்ட மருமகள்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் அன்று நைலான் கயிற்றை எடுத்து மூடியைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டினாள். காலையில் தீனி போட அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். கட்டிலில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். ஆவி, சூடு, காற்று என்று எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எல்லாம் சரி பெரியப்பா. ஒன்னு சொல்லுங்க. உச்சில பல்லி வுழுந்து ஒன்னும் ஆவாதவங்க யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

பொன்னுரங்கமே தோளில் ஒரு பல்லி விழுந்ததற்கு, மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் ஓடியவர்தான். பெருமாள் கோயிலில் இருக்கும் தங்கப்பல்லியைத் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போய்விடும். ஜனங்கள் அப்படித்தான் போகிறார்கள்.

"அப்ப ஒன்னு பண்ணு" என்றார். "நீயும் அவனும் காஞ்சிவரம் போயி மாமா பேர சொல்லித் தொட்டுட்டு வந்துடுங்க. தோஷம் போச்சின்னா, அப்பறம் பல்லி வந்தா இன்னா, பாம்பு வந்தா இன்னா? தொறந்துடலாமில்ல?"

ராதிகா யோசித்தாள். "தொட்டுட்டு வந்தா நானே தொறந்துடறேன். சத்தியமா."

கட்டிலில் இருந்தவர் இடது கையால் மெத்தையைத் தட்டினார். போ, போ என்று விரட்டுகிற மாதிரி. இளஞ்செழியனுக்கு லீவு கிடைக்க வேண்டியிருந்தது. சித்திரை முடிந்துகொண்டிருந்தது. கல்வராயன் மலையில் மழை என்றார்கள். கீழே எங்களுக்கு ஒரு சொட்டு இல்லை, மேகம் மட்டும் வந்து புழுங்க வைத்தது. ஸ்டாண்டின் பலகை ஈரம் குடித்து உப்பிவிட்டது. அதன் கதவு சட்டத்தில் இறுகி, இழுத்தால் முனகியது. மீன்கள் பகல் முழுக்க மேலேயே நின்றன. வலப்பக்கம் திருப்பினால் அவர் சத்தம் போட்டார். "லீவு கெடைக்கட்டுங்க, போயிட்டு வந்துடுவாங்க" என்று சொல்வேன். அதைத் தவிரச் சொல்ல என்னிடம் வேறு இல்லை.

லீவு கிடைத்தது. விடியும்போதே இருவரும் கிளம்பினார்கள். "தொட்ட ஒடனே போன் பண்றேன். அதுவரைக்கும் மட்டும் கட்ட அவுக்காதீங்க நர்சம்மா. பரிகாரம் அரகொறயா போயிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சரி என்றேன்.

உச்சிவெயிலுக்கு முன்னால் கரண்ட் போனது. வந்தபோது கூடத்து விசிறி சுற்றியது, மீன்தொட்டி மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. காற்று மோட்டார் ஓடவில்லை. குமிழி இல்லை. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன்.

மோட்டாரின் பிளக் ஸ்டாண்டுக்குள்ளே இருந்தது. கதவை இழுத்தேன். வரவில்லை. கத்தரிக்கோலை நுழைத்து நெம்பினேன். கத்தரிக்கோல் வளைந்தது. பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டேன். திருநாவலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"கட்ட அவுத்துடுங்க! மூடிய எடுத்துக் கீழ வைங்க! சொம்புல தண்ணிய மொண்டு ஒசரத்துல இருந்து ஊத்திக்கினே இருங்க. காத்து கலக்கணும். ஐஸ் கீஸு போட்டுடாதீங்க. நான் பஸ்சு ஏறிட்டேன்னு வெச்சிக்கோங்க."

ராதிகாவிடம் சொன்ன சொல்லை ஓரமாக வைத்துவிட்டுக் கயிற்றை அறுத்தேன். மூடியைத் தூக்கியதும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. ஸ்டூலில் ஏறி நின்று மொண்டு மொண்டு ஊற்றினேன். என் வயதுக்கு அது பெரிய வேலைதான், ஆனால் ஆளைத் தூக்கிப் பழகிய தோள். கொஞ்ச நேரத்தில் சின்ன மீன் ஒன்று கீழே இறங்கியது. பெரியதும் அசைந்து கொடுத்தது. கட்டிலில் இருந்தவர் ஒவ்வொரு சொம்புக்கும் மெத்தையை ஒரு தட்டுத் தட்டினார். நான் நிறுத்தினால் அவர் வேகமாகத் தட்டினார்.

அப்போதுதான் அவருக்கு வயிறு கலங்கிப் போய்விட்டது. நாற்றம் வந்ததும் தெரிந்தது. அவருக்கு இடுப்புக்குக் கீழே வால் எலும்பின் மேல் ஏற்கெனவே ஒரு சிவப்புத் தடம் இருந்தது. அதில் ஈரமும் மலமும் பட்டால் தோல் கழன்றுவிடும். கழன்றால் எலும்பு வரை போகும், அந்தப் புண்ணிலேயே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சொம்பை வைத்துவிட்டு இறங்கினேன்.

அவர் விடவில்லை. இடது கையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். தொட்டியைக் காட்டினார். மறுபடி தள்ளினார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"தெரியுதுங்க" என்றேன். "இத்த முடிச்சிட்டு போறேன்."

கையை மடக்கிப் பிடித்துப் புரட்டினேன். வேகமாகச் செய்தேன், ஆனால் அரைகுறையாகச் செய்யவில்லை. துடைத்து, கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பு வைத்து, விரிப்பு மாற்றி. நடுவில் போன் அடித்தது. கையுறையில் அசுத்தம், எடுக்க முடியாது. நின்றது, மறுபடி அடித்தது. அவர் முகத்தைத் தொட்டிப் பக்கமே வைத்திருந்தார். பாதி வேலையில் தள்ளுவதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தாலும் செய்வதற்கு இருந்தது இரண்டே கைதான்.

முடித்துவிட்டுப் போனபோது பெரிய மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. சிறியவற்றில் ஒன்றும் அப்படியே. மூன்றாவதற்குச் செவுள் அசைந்தது. சொம்பை எடுத்து ஊற்றினேன். போன் மூன்றாவது தடவை அடித்தது.

"தொட்டாச்சு நர்சம்மா!" ராதிகாவின் குரலுக்குப் பின்னால் கோயில் கூட்டத்தின் இரைச்சல். "எவ்ளோ கூட்டம் தெரியுமா? நல்லாத் தடவித் தொட்டேன். இனிமே தொறந்துடுங்க!"

"சரிம்மா" என்றேன்.

பொன்னுரங்கம் திருப்புளியோடு வந்து ஸ்டாண்டின் கதவைப் பெயர்த்தார். உள்ளே பலகை ஊறி இட்லித்துணி மாதிரி சொதசொதவென்று இருந்தது. பிளக் பெட்டி பச்சை பூத்துக் கருகியிருந்தது. மூன்றாவது மீன் அதற்குள் அசைவதை நிறுத்திவிட்டது. அவர் கட்டிலுக்குப் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன்னால் இருவரும் வந்தார்கள். ராதிகா கையில் பிரசாதப் பை. தொட்டியைப் பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன், கயிற்றை முன்னாலேயே அறுத்ததையும் சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடி, அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சு மாமா! உங்களுக்கு வந்தது மீனோட போச்சு!"

வீட்டுக்கு வருகிற கெடுதலைத் தொட்டி மீன் வாங்கிக்கொண்டு சாகும் என்று ஜனங்கள் சொல்வதுண்டு. தான் தங்கப்பல்லியைத் தொட்ட அதே நேரத்தில் மூன்றும் போயிருக்கின்றன என்று ராதிகா இளஞ்செழியனிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவனும் கண்ணைத் துடைத்தான். பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "இருக்கலாம்மா" என்றார்.

தீனதயாளன் சத்தம் போட்டார். நெற்றி நரம்பு புடைக்க, எச்சில் வழிய, விடாமல் போட்டார். ராதிகா குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள்.

"பாருங்க, மாமாவுக்கும் தெரியுது. எப்டி சந்தோஷப்படறாரு."

ரத்த அழுத்தம் பார்த்தேன். ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்தேன்.

ராதிகா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த வாரமே இளஞ்செழியன் பிளேடு வைத்து சிலிக்கானைச் சுரண்டி எடுத்தான். விசிறியை மாட்டினான். ஸ்டாண்டின் முதுகுப் பலகையைப் பொன்னுரங்கம் பெயர்த்துப் போட்டு, தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தார். ஒயர் தெரிகிறது. ராதிகா அதை அப்படியே விட்டாள். புது மீன் வாங்கி வந்தாள், போன தடவையைவிட ஜாஸ்தி. கவரை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"இனிமே எது வந்தாலும் இதுங்க வாங்கிக்கும் மாமா. நீங்க கவலையே படாதீங்க."

தண்ணீர் சில்லென்று இருக்கிறது. மீன்கள் அடியில் ஓடுகின்றன. வலப்பக்கம் திருப்பினால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தூங்குவதில்லை, இமை துடிப்பது தெரிகிறது. சத்தமும் போடுவதில்லை. சுவர்ப்பக்கம் திருப்பினால் திறந்துகொள்கிறார். இரண்டு பக்கமும் மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றுகிறேன். வால் எலும்பின் மேல் இருந்த சிவப்பு மறைந்துவிட்டது.